பூலங்கரட்டுக்குப் போகிற பாதை

துணைத் தாசில்தார் ஜலாலுதீன் பழனிக்காரர். அப்பாவுக்குப் பழனிக் கடைவீதியில் ஜவுளிக்கடை. வேலையின் நிமித்தம் குடும்பத்தோடு கொடைக்கானலில் குடியிருந்தார். பெருநாளுக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் மனைவி ஹமீதுன்னிசாவையும் பிள்ளைகளையும் வத்தலக்குண்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார். தான் மட்டும் முதல் நாளே புறப்பட்டு, மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை வழியாக நடந்து பழனி போய்ச் சேருவார். தொழுகைக்கு வந்து நிற்கும்போது அவர் சட்டையில் காட்டுப் புல்லின் விதைகள் ஒட்டியிருக்கும்.

"பெருநாளைக்குப் பொண்டாட்டி புள்ளைகள பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு, தான் மட்டும் காட்டுக்குள்ள போற ஆம்பளைய நீ எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியாண்ணே?" என்று ஹமீதுன்னிசா தன் அண்ணன் இப்ராம்சாவிடம் முறையிடுவாள்.

இப்ராம்சாவுக்குக் கொடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி. மைத்துனரைக் கிண்டல் செய்வதில் அவருக்கு அலுப்பே வராது. "விடு புள்ள. வழியில காட்டெருமை தன்னந்தனியா நிக்கும். அதுக்கும் பேச்சுத்துணைக்கு ஒரு கவர்மெண்ட் ஆபீசர் வேணாமா?" என்பார்.

அலுவலகத்திலும் இதே கதைதான். மலைக் கிராமங்களைப் பார்வையிடப் போகும்போது மற்றவர்கள் ஜீப் தடம் முடிகிற இடம் வரை ஜீப்பிலும், அதற்கு மேல் மட்டக்குதிரையிலும் போவார்கள். சிலர் தடம் முடிகிற இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரைத் தங்களிடம் வரவழைத்துக்கொள்வார்கள். ஜலாலுதீன் தாலுகா அலுவலக வாசலிலிருந்தே நடக்கத் தொடங்குவார். கான்வாஸ் காலணி, தோளில் குடை, சட்டைப்பையில் பேரீச்சம்பழம், காலில் ஏறும் அட்டைக்கு உப்பு. ஊர் எல்லை வந்ததும் ஓடையில் கால் கழுவி, பையிலிருந்து தோல் ஷூவை எடுத்து மாட்டி, கோட்டை உதறிப் போட்டுக்கொள்வார். ஊருக்குள் நுழையும் அரசாங்கம் சேறும் சகதியுமாக இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. பஜாரில் அவருக்கு 'வாக்கிங் தாசில்தார்' என்று பெயர். மேல்மலையில் 'நடைத் தாசில்' என்றார்கள். இரண்டாவது பெயரில் மரியாதை கொஞ்சம் கூடுதல் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அது உண்மையும்கூட.

அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. எந்த ஊருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லாமல் போகமாட்டார். நாலைந்து நாளுக்கு முன்பே தலையாரி மூலம் ஆள் அனுப்பிவிடுவார். "சொல்லாம போய் நிக்கிறது திருடனைப் பிடிக்கிறவன் வேலை. நான் குடியானவனைப் பாக்கப் போறேன்" என்று சொல்வார். இந்தக் கொள்கையில் பிழை இருக்கக்கூடும் என்று அவருக்குப் பல வருடங்கள் தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு முகாந்திரமும் இல்லை.

பூலங்கரடு, போளூர்ப் பக்கம், ஜீப் தடம் முடிந்த பிறகு இரண்டு ஓடைகளைத் தாண்டி இருந்த சிறிய ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும். விளைந்ததைத் தலையிலும் குதிரையிலும் சுமந்து ஜீப் தடத்துக்குக் கொண்டுவந்தால்தான் காசு. ஊருக்கு மணியக்காரர் திருமலைச்சாமி. வாயில் எப்போதும் புகையிலை. பேச வேண்டுமென்றால் முதலில் அதைத் துப்பிவிட்டு வருவார், அதனால் அதிகம் பேசமாட்டார் என்று அவருடைய மகன் சின்னச்சாமி கேலி செய்வான். சின்னச்சாமிக்கு அப்பாவுக்கும் சேர்த்துப் பேசுகிற வாய்.

மலையில் தான் நடந்த பாதைகள் அத்தனையிலும் ஜலாலுதீனுக்குப் பிடித்தது பூலங்கரட்டுப் பாதைதான். சோலைக்காட்டின் ஓரமாகவே ஏறும். இரண்டு பக்கமும் பெரணிச்செடி இடுப்பளவு நிற்கும்; ஆனால் பாதை மட்டும் சீவினாற்போல் இருக்கும். சறுக்குகிற இடங்களில் கல் பதித்திருக்கும். ஓடைகளின் மேல் உருட்டுக்கட்டைகளைச் சேர்த்து வைத்த பாலம் இருக்கும். அப்போதுதான் வெட்டியது போன்ற பச்சை வாசனை அந்தப் பாதையில் எப்போதும் இருந்தது. அது சோலையின் வாசனை என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"உங்க ஊரு ஆளுக மாதிரி பாதையைப் பேணுறவங்களை நான் எங்கயும் பாத்ததில்லை மணியக்காரரே" என்று ஒருமுறை சொன்னார்.

திருமலைச்சாமி புகையிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஏதோ எங்களால ஆனதுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பாராட்டுக்கு வெட்கப்படுகிறார்கள் என்று ஜலாலுதீன் நினைத்தார். சின்னச்சாமியின் மனைவி இருளாயி கொண்டுவந்து வைத்த மோரைக் குடித்துவிட்டு மனுக்களைக் கேட்கத் தொடங்கினார்.

அந்த மனுக்களில் எப்போதும் முதலாவதாக இருந்தது ரோடு. ஜீப் தடத்தை ஊர் வரைக்கும் நீட்டித் தர வேண்டும். மழைக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியவில்லை. பூண்டு வீட்டிலேயே முளைவிட்டுப் போகிறது. அவர் ஒவ்வொரு முறையும் அதை வாங்கி, முறைப்படி மேலே அனுப்பி வைத்தார்.

1958ஆம் வருடம் சீசன் சமயத்தில் கலெக்டர் கொடைக்கானலில் முகாம் போட்டிருந்தார். மேல்மலையில் ஒரு ரோடு போடுவதற்கு மட்டும் பணம் வந்திருந்தது. கேட்டிருந்த ஊர்கள் இரண்டு. ஒன்று பூலங்கரடு. மற்றது தெற்குச் சரிவில் இருந்த வேறொரு கிராமம். இரண்டு ஊர்களுக்கும் நடந்து போயிருந்த அதிகாரி ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். கலெக்டரின் ஏவலாள், டபேதார் செல்லப்பாண்டி டீத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தான்.

"மிஸ்டர் ஜலாலுதீன், மழை வந்தா பூலங்கரட்டுக்குப் பாதையே இருக்காதுன்னு மனுவுல எழுதியிருக்காங்க. நீங்க நடந்தவர். அப்படியா?"

"கொஞ்சம் கூட்டி எழுதியிருக்காங்க சார். இந்த மலையில நான் நடந்த பாதையிலேயே அதுதான் நல்ல பாதை. மழைக்காலத்துலயும் போயிருக்கேன். குடையை ஊனாமலே ஏறியிருக்கேன்."

"இன்னொரு ஊரு?"

"அது ரொம்ப மோசம் சார். ரெண்டு எடத்துல கையை ஊனித்தான் ஏறணும்."

"அப்ப பூலங்கரட்டுக்காரங்க காத்திருக்கலாம்?"

"காத்திருக்கலாம் சார்."

வெளியே வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆயுள் முழுக்க எதை வைத்து ஊர் தன்னைக் கேலி பேசியதோ, அந்த நடையை ஒரு கலெக்டர் சாட்சிக்கு அழைத்துவிட்டார். அன்று மாலை ஏரியை இரண்டு முறை சுற்றி வந்தார். தான் சொன்னது அத்தனையும் உண்மை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. தன் காலால் கண்டதைத்தான் சொன்னார். அந்தச் சோலையோரப் பாதை அப்படியே இருக்கப்போகிறது என்ற மகிழ்ச்சியும் அந்த 'காத்திருக்கலாம்' என்ற சொல்லுக்குள் இருந்ததா என்ற கேள்வி, அன்றைக்கு அவருக்கு எழவில்லை. பின்னால் அதே கேள்வி அவரை விட்டு அகலவும் இல்லை.

ரோடு தெற்குச் சரிவுக்குப் போயிற்று.

1961ஆம் வருடம் ஐப்பசியில் ஜலாலுதீன் விடுப்பு எடுத்திருந்தார். இரண்டு நாள் விடாமல் பெய்த மழை மூன்றாம் நாள் காலையில் சற்று ஓய்ந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆபீஸ் சோலி எதுவும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், தனக்காக ஒருமுறை அந்தப் பாதையில் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். ஊருக்குள் போகும் எண்ணமே இல்லை. அதனால் ஆள் அனுப்பவில்லை.

"மழ எப்ப வேணாலும் திரும்பும். வெரசா வந்துருங்க" என்றாள் ஹமீதுன்னிசா.

ஜீப் தடம் முடிந்த இடத்தில் நின்றதும், தடம் மாறி வந்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது. பாதை இருக்க வேண்டிய இடத்தில் பெரணி இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்ந்து மூடிக் கிடந்தது. குடையால் விலக்கிக்கொண்டு போனார். கல் பதித்த இடங்களில் கல் இல்லை. மண் வழிந்து ஓடியிருந்தது. முதல் ஓடையில் பாலம் இல்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது சறுக்கி விழுந்து, முழங்கால் சிராய்த்து, இடுப்பளவு தண்ணீரில் அக்கரை சேர்ந்தார். நாற்பது வருட நடையில் அவர் அப்படி விழுந்ததில்லை.

ஓடைக்கு மேலே ஆள் அரவம் கேட்டது. நான்கு பேர் ஒரு கம்பில் கம்பளியைத் தொட்டில் போலக் கட்டிச் சுமந்துகொண்டு இறங்கி வந்தார்கள். முன்னால் சின்னச்சாமி. பின்னால், வயதை மறந்து தோள் கொடுத்துக்கொண்டு திருமலைச்சாமி. கம்பளிக்குள் இருளாயி. முந்தின நாள் மாலையிலேயே வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவிட்டார்கள்.

"அய்யா, நீங்களா!" என்றார் திருமலைச்சாமி. அந்த நிலையிலும் அவர் தலைத்துண்டை எடுக்கப் பார்த்தார், கம்பு சாய்ந்தது.

"ஏலே, கம்பைப் பிடி!" என்று சின்னச்சாமி கத்தினான். அப்பாவை 'ஏலே' என்றுவிட்டதை அவனே கவனிக்கவில்லை.

ஜலாலுதீன் குடையைப் போட்டுவிட்டு, கிழவரை நகர்த்தித் தன் தோளைக் கம்புக்குக் கொடுத்தார். ஓடையில் இறங்கும்போது கம்பளி தண்ணீரில் படாமல் இருக்கக் கம்பைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. அக்கரை ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"பாலம் எங்கே சின்னச்சாமி? பாதை என்னாச்சு?"

சின்னச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. "பாதையா? நீங்க வர்றதாச் சொல்லிவிடலையே."

ஒரு கணம் அவருக்கு அது விளங்கவில்லை. பிறகு, நடக்க நடக்க, திருமலைச்சாமியின் வாயிலிருந்து விவரம் துண்டு துண்டாக வந்தது. அதிகாரி வருகிறார் என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய்ப் பாதை வெட்டுவது வெள்ளைக்காரன் குதிரையில் வந்த காலத்து வழக்கம். பிறகு வந்த அதிகாரிகள் யாரும் ஊர் வரை வராததால் அது விட்டுப்போயிருந்தது. ஜலாலுதீனுக்காகத்தான் அதை மறுபடி தொடங்கினார்கள். வெள்ளைக்காரனுக்கு அது கட்டாயமாகச் செய்த வேலை. இவருக்கு ஆசையாகச் செய்தார்கள். நடந்து வருகிற மனுஷன் கால் சறுக்கக்கூடாதே. ஆள் வந்து சொன்னதும் மூன்று நாளில் பெரணியை அறுத்து, கல்லைப் பதித்து, பாலத்தைக் கட்டிவிட்டு, அவர் வருவதற்கு முன்பே கருவிகளை ஒளித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். வாசல் கூட்டுவதை விருந்தாளி பார்த்தால் அது என்ன மரியாதை? அவர் பாதையைப் பாராட்டப் பாராட்ட, அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்தார்கள். கட்டைகள் காட்டிலாகாவுக்குச் சொந்தமானவை. அவர் திரும்பிப் போனதும் அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவார்கள். போட்ட மண்ணை அடுத்த மழை கொண்டுபோகும்.

"எப்பவும் இப்படித்தான் கெடக்குமா?" என்றார் ஜலாலுதீன்.

"எப்பவும் இப்படித்தான்ங்க."

ஜீப் தடம் கண்ணுக்குத் தெரிகிற மேட்டில் இருளாயியின் முனகல் நின்றது. சின்னச்சாமி இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான். யாரும் அவனிடம் சொல்லத் துணியவில்லை. பிறகு அவனே கம்பை இறக்கினான்.

அடுத்து வந்த மாதங்களில் ஜலாலுதீன் செய்யாத முயற்சி இல்லை. மதுரைக்குப் போய்க் கலெக்டர் அலுவலகத்தில் காத்துக் கிடந்தார்; அந்தக் கலெக்டர் மாறிப் போயிருந்தார். புதியவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்களே நல்ல பாதைன்னு சொன்னதாத்தானே ஃபைல்ல இருக்கு" என்றார். அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் சீனச் சண்டை வந்தது. ரோட்டுப் பணமெல்லாம் நின்றது.

பாதைகளின் உண்மையைப் பார்த்துவிட வேண்டும் என்று, அவர் எந்த ஊருக்கும் தகவல் சொல்லாமல் போகத் தொடங்கினார். அதுவும் சரியாக அமையவில்லை. சொல்லாமல் வந்து நிற்கும் அதிகாரியைக் கண்டதும் பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்கள் காட்டிலிருந்து எடுத்துவந்த விறகை மறைத்தார்கள். "யாரு என்ன மொட்டைப் பெட்டிஷன் போட்டா? எதுக்கு இப்படித் திடுதிப்புன்னு வாராரு?" என்று பேசிக்கொண்டார்கள். மோர் வந்தது; கூடச் சிரிப்பு வரவில்லை. பூலங்கரட்டுக்கு மட்டும் அவரால் எந்த வகையிலும் போக முடியவில்லை. சொல்லிவிட்டுப் போனால் பாதை வெட்டுவார்கள். சொல்லாமல் போக, இருளாயி அடங்கிய அந்த மேட்டைத் தாண்ட வேண்டும். 1964இல் ஓய்வுபெற்றுப் பழனிக்குப் போனார். அவருடைய பணிப் பதிவேட்டில் மாறுதல்களும் விடுப்புகளும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. நடையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் பூலங்கரட்டுக்கு ரோடு வந்தது. முதல் பூண்டு லாரியை அனுப்புகிறவர் இப்ராம்சா. "மாப்ளே, திருமலைச்சாமி உம்மளத்தான் கேக்குறாரு. நீரு வந்து லாரில ஏறினாத்தான் சரக்கு ஏத்துவாராம். கெழவன் அடம்புடிக்கிறான்" என்று ஆளை விட்டுச் சொல்லியனுப்பினார்.

ஜலாலுதீன் போனார். லாரியின் முன்பக்கத்தில் திருமலைச்சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி ஏறத் தொடங்கியதும், ஐந்து வருடமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டார். "மணியக்காரரே, அன்னிக்குக் கலெக்டர்கிட்ட…"

"தெரியும்ங்க" என்றார் திருமலைச்சாமி. புகையிலையைத் துப்ப லாரியில் இடமில்லாததால் வாயிலேயே அதக்கிக்கொண்டு பேசினார். "டபேதாரு செல்லப்பாண்டி அந்த வாரமே வந்து சொல்லிட்டாரு."

"அந்த வாரமேவா? அதுக்கப்புறமும் நான் ரெண்டு மூணு தடவை வந்தேனே. அப்பவும் பாதையை வெட்டினீங்களா?"

"வெட்டுனோம்ங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை? இந்த மாதிரி, இது உங்களுக்காக வெட்டினதுன்னு ஒரு வார்த்தை!"

கிழவர் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லலாம்னுதான் சின்னச்சாமி நின்னான். நான்தான் வேணாம்னேன். நல்ல பாதைன்னு பெரிய எடத்துல சொல்லிட்டாரு. இப்பப் போயி, அது நாங்க ஒங்களுக்குப் போட்ட வேசம்னு எப்படிங்க சொல்றது? மனுசன் மொகம் செத்துப்போகாதா? அடுத்த ரோடு நமக்கு வராமலா போகும்னு நெனைச்சேன்." புகையிலையை வாயின் மறுபக்கம் ஒதுக்கிவிட்டு, "இருளாயி போனதுக்கப்புறம் மகன் எங்கூடப் பேசுறதில்லைங்க. தாண்டிக்குடில காப்பித் தோட்டத்துல கெடக்கான்" என்றார்.

இரண்டாம் நாள் ஜலாலுதீன் தாண்டிக்குடிக்குப் புறப்பட்டார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தார். தோட்டத்துக் களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. சின்னச்சாமி அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். நரைத்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து, சாக்கை உதறி, உட்கார இடம் செய்து கொடுத்தான்.

"நடந்தா வந்தீக?"

"நடந்துதான்."

"இன்னும் நடக்கீக."

அடுக்கி வைத்திருந்தது கலைந்துபோயிற்று. "சின்னச்சாமி, அன்னிக்கு உங்க ஊருக்கு ரோடு வேணாம்னு சொன்னவன் நான்."

"வேணாம்னு சொல்லலைங்க. காத்திருக்கலாம்னு சொன்னீக. செல்லப்பாண்டி அப்படியே சொன்னாரு." அவன் கோணூசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினான். "நாங்களும் காத்துத்தான் இருந்தோம். அவளாலதான் முடியல."

மலைச்சரிவில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. சின்னச்சாமி எழுந்துபோய்க் காப்பிக்கொட்டையைக் காலால் துழாவிக் குவிக்கத் தொடங்கினான். நடுவில் ஒருமுறை திரும்பி, "வந்த சோலி என்னன்னு சொல்லலையே அய்யா" என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை.

ஜலாலுதீன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். கேட்டால் அவன் கொடுத்துவிடுவான் என்று அந்தக் குரலிலிருந்து தெரிந்தது. பூலங்கரட்டுக்காரர்கள் அப்படித்தான், தங்களைத் தேடி வருகிறவர் எதை எதிர்பார்த்து வருகிறாரோ, அதை அவர் வந்து சேர்வதற்குள் செம்மை செய்து வைத்துவிடுவார்கள். அடியில் கிடப்பது என்னவென்று அவரால் பார்க்கவே முடியாது.

"சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து, களத்தின் மறுமுனையில் நின்று காப்பிக்கொட்டையைக் குவிக்க அவனுக்குக் கை கொடுத்தார். கேட்காமலே திரும்பி வந்தார்.